வெளுத்துப்போன ஆதிரை

எங்கள் வீட்டில் படம் எடுப்பது அவர், நிறம் என்னுடையது. கடப்பாக்கத்துக் கடற்கரையில் கேமராவை நிறுத்தி, பனியில் நனைந்து, என் கணவர் வானத்தை எடுத்துக்கொண்டு வருவார். படூர் ஃப்ளாட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அதற்கு உயிர் கொடுப்பது நான். அந்த வேலையில் அவர் கைவைத்ததில்லை. நான் விட்டதும் இல்லை.

பொங்கல் விழாவுக்கு எங்கள் குடியிருப்பு ஹாலில் அவர் எடுத்த திருவாதிரை நட்சத்திரப் படத்தைப் பெரிதாக மாட்டப்போகிறார்கள். மதியத்துக்குள் கேளம்பாக்கம் பிரிண்ட் கடைக்கு அனுப்பியாக வேண்டும். காலையில் நான் முடித்து வைத்ததை அவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஆதிரை வெள்ளையா கீது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நட்சத்திரத்தின் நிறத்தைக் காப்பாற்றுவதுதான் இந்த வேலையிலேயே கஷ்டம். மங்கலாகக் கிடக்கும் நெபுலாவை, அந்த வாயு மேகத்தை, தெரியவைக்க வெளிச்சத்தை ஏற்றினால், நட்சத்திரங்கள் முந்திக்கொண்டு பொங்கி வெளுத்துவிடும். அதனால் அவற்றைத் தனியே பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கடைசியில் சேர்ப்பேன். ஆதிரையின் ஆரஞ்சு போய்விட்டால் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? அதைப் போய் நான் கெடுத்தேன் என்கிறாரே!

"நீங்க ஷட்டரை ரொம்ப நேரம் தொறந்து வெச்சு எரிச்சிருப்பீங்க. எரிஞ்சதுக்கு நான் எங்கேர்ந்து கலர் கொண்டாறது?"

"எரியல. ஒரிஜினல்ல பாரு."

பார்த்தேன். நட்சத்திரத்தின் மேல் கர்சரை வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவும் தெரியும். அவர் எடுத்ததில் சிவப்பு எகிறி நின்றது, நீலம் அதில் பாதிகூட இல்லை. என்னுடையதில் மூன்றும் கிட்டத்தட்ட சமம். நீலத்தை ஏற்றியது நான்தான். படம் முழுக்க மஞ்சள் அடிக்கிறது என்றுதான் ஏற்றினேன், நன்றாக நினைவிருந்தது.

"மானிட்டர் போயிடுச்சு," என்றேன்.

"புதுசாச்சே."

"அப்ப புதுசே மட்டம்!"

கத்திவிட்டு, வழக்கம்போல இடது கண்ணை மூடிக்கொண்டு, ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி திரையருகே குனிந்தேன். நட்சத்திரத்தின் நிறத்தை நான் எப்போதும் அப்படித்தான் பார்ப்பேன். ஆதிரை ஆரஞ்சாகத்தான் இருந்தது.

"இந்தோ, நல்லா பாருங்க! உங்க கண்ணைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்."

அவர் சிரிக்கவில்லை. நான் மூடியிருந்த கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலது கண்ணை மூடிட்டு எடது கண்ணால பாரு," என்றார்.

கண்ணை மாற்றினேன். ஐயோ! ஆதிரை வெளுத்துக் கிடந்தது. வானம் பூராவும் சொட்டு நீலம் அதிகமாய்ப் போட்ட வேட்டிபோல இருந்தது. மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். வலது கண்ணில் மட்டும் எல்லாமே, என் கை, சுவர், ஜன்னல் வெளிச்சம்கூட, பழுத்த மஞ்சள். புரையாகத்தான் இருக்கும், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், அதெல்லாம் தெரியும். ஆனால் இத்தனை நாளும் எந்தக் கண்ணை நம்பி நிறம் போட்டேன்?

எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த போன வருஷப் படத்தின் முன் நின்றேன், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு. அதிலும் நீலம் தூக்கலாகத்தான் இருந்தது.

"உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"போன வருசமே கொஞ்சம் நீலமாத்தான் பட்டுச்சு."

"வாயில இன்னா கொழுக்கட்டையா? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"உன் டேஸ்ட்டுன்னு நெனச்சிக்கினேன்மா."

பிரிண்ட் கடைக்காரர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியை என் கணவருக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன். உட்காரும்போதே அவருக்கு முகம் வேர்த்திருந்தது. பயந்து பயந்து நீலத்தைக் குறைத்தார். ஒவ்வொரு தடவையும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"போதுமா? இன்னும் கொறைக்கட்டுமா?"

நிறத்தைப் பற்றி யார் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்கிறவள் நான்.

"எனக்குத் தெரியலங்க," என்றேன்.