முறைத் தண்ணீரும் மகள் ஊர்க் கடலும்

மதியச் சோறு உண்டுவிட்டுக் கட்டிலில் சாயும்போது என் வீட்டுக்காரி தினமும் ஒரு கேள்வி கேட்பாள்.

"ஏனுங்க, இப்ப அங்க தண்ணி வந்திருக்குமா, போயிருக்குமா?"

நானும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டு ஏதோ ஒன்றைச் சொல்வேன். அது சரியா தப்பா என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. சூலூருக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் தறிச் சத்தம் கேட்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு கிழவனும் கிழவியும் கடலைப் பற்றிப் பேசுவது எங்கள் மருமகளுக்குச் சிரிப்பாக இருக்கிறது. சிரிக்கட்டும். எனக்கென்னவோ அந்தக் கரையை நினைக்காமல் ஒரு பொழுதும் போவதில்லை.

அங்கே என்றால் மகள் ஊர். பிரான்ஸ் தேசத்தின் மேற்கு ஓரத்தில் பிரிட்டனி என்று ஒரு சீமை. கோடைக்குக் கடல் பார்க்க ஊர் ஊராக ஜனம் வந்து இறங்குகிற இடம். மகள் படிக்கப் போனவள் அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொண்டாள். கொடுமுடிக் கோயிலில்தான் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டைப் போட்டு இறுக்கி, அதற்கு மேல் துண்டைக் கட்டித் தாலி கட்ட வைத்தோம். காவிரியில் முழுகி எழுந்து, "மாமா, தண்ணி நல்லா சூடா இருக்குங்க" என்றார். அவர் தமிழில் பேசியது அன்றைக்கு அது ஒன்றுதான். தை மாசத் தண்ணீரைச் சூடு என்கிறாரே என்று உறவுக்காரர்கள் எல்லாம் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர் ஊர்த் தண்ணீரில் கால் வைத்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது.

போன வருஷம் கோடைக்கு எங்கள் இருவருக்குமே டிக்கெட் போட்டிருந்தாள் மகள். அதற்குள் வீட்டுக்காரிக்கு முட்டி மடங்காமல் போய், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரிடம் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. விமானமெல்லாம் இப்போது கூடாது என்று சொல்லிவிட்டார். நானும் போகவில்லை என்றேன். அவள் விடவில்லை. கிளம்புகிற அன்றைக்குக் காலையில், காலை நீட்டி உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"சுத்திப் பாக்கறதெல்லாம் பாருங்க. ஆனா ஒண்ணு. புள்ள அங்க சந்தோசமா இருக்கறாளான்னு பாத்துப்போட்டு வந்து சொல்லுங்க. போன்ல சிரிக்கறது எனக்குப் பத்தாது."

அவள் சொல்லாத பாதியும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு மாடியில் ஒரு ரூம் பூட்டியே கிடந்தது. மகளுக்கென்று கட்டியது. வாடகைக்கு விடலாம் என்று மகன் வாயெடுத்தாலே இவள் பேச்சை மாற்றிவிடுவாள். அங்கே ஒத்து வராவிட்டால் புள்ள வந்துவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம். எனக்கும் அது இல்லை என்று சொல்ல முடியாது.

போய் இறங்கிய அன்றைக்குச் சாயங்காலம் மகள் கடலைக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போனாள். போய்ப் பார்த்தால் தண்ணீரே இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் ஈர மணலும் சேறும். படகுகள் எல்லாம் படுத்த மாடு மாதிரி ஒருக்களித்துக் கிடந்தன. எனக்குப் பயம் வந்துவிட்டது. தண்ணீர் இல்லாத இடத்தைப் பார்த்தால் எங்கள் பக்கத்து ஆளுக்கு அப்படித்தான். கிணறு வற்ற வற்ற வெட்டினோம், அதற்குள்ளேயே போர் போட்டோம், குழாயில் புழுதி வந்த நாளையும் பார்த்தோம். கடலும் வற்றுமா என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

"பயந்துக்காதீங்கப்பா. போனது வந்துரும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ வந்து வந்து போகும்" என்றாள்.

வருகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த ஊரில் கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. பிறகு மணலில் இருக்கும் பள்ளம் பள்ளமாக நிரம்பியது. படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. வாய்க்கால் தண்ணீர் உழுத காட்டுக்குள் புகுவது மாதிரியே இருந்தது. அட, இது முறைத் தண்ணீர்தானே என்று மனசுக்குச் சமாதானம் ஆயிற்று.

முறைத் தண்ணீர் என்றால், எங்கள் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் விட்டால் ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு கிழமை, ஒரு நேரம் உண்டு. என் முறை வெள்ளிக்கிழமை விடிகாலை. அந்த நேரத்துக்கு மண்வெட்டியோடு மடையில் நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்த காட்டுக்காரனுக்கு. மகள் சின்னவளாக இருக்கும்போது என்னோடு வந்து மடைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, தண்ணீர் வருகிற சத்தத்தை முதலில் யார் கேட்பது என்று என்னோடு பந்தயம் கட்டுவாள். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

அவளுக்கு அந்த ஊரில் வேலையே, வருகிறவர்களுக்கு என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம் என்று சொல்லுகிற ஆபீஸில்தான். அதனால் எனக்கும் ஒன்று விடாமல் காட்டினாள். கரையில் வரிசையாக வெள்ளைப் பெட்டிக் கடை மாதிரி மரக் குடில்கள். கடைதான் போல என்று ஒன்றின் கதவைத் தட்டினேன். உள்ளே ஒரு அம்மா துணி மாற்றிக்கொண்டிருந்தாள். மகள் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டாள். கடலுக்குள்ளேயே சுவர் எழுப்பி ஒரு நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள். கடல் போனாலும் குளத்தில் தண்ணீர் நிற்கும். கடல் வந்தால் குளம் இருந்த இடமே தெரியாது. சேற்று மணலில் சாவித் துவாரம் மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் கத்தி உறை மாதிரி நீளமாக ஒரு சிப்பி தானாக மேலே எழும்பி வரும். மாப்பிள்ளை அதைப் பிடித்து வாளியில் போடுவார். பிடிப்பதும் தின்பதும் அவர். உப்புப் போடுவது மட்டும் நான்.

ஒரு கறுப்புத் தானிய மாவைக் கல்லில் மரக் கட்டையால் இழுத்து இழுத்து மெல்லிசாக ஊற்றுகிறார்கள். நம் ராகித் தோசைக்குச் சொந்தக்காரி என்று வைத்துக்கொள்ளலாம். உப்பு வெண்ணெய் போட்டு மடித்துத் தருவார்கள். அதோடு கிண்ணத்தில் ஆப்பிள் கள்ளு. இங்கே மரத்தில் இறக்கினால் போலீஸ் வரும். அங்கே சாமியார் மடத்தில்கூட விற்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது காலையில் கடலுக்குள் நடக்கிற பெண்கள்தான். என் வயசுக்காரிகள்கூட உண்டு. நெஞ்சளவுத் தண்ணீரில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, நாற்று நடப் போகிற வரிசை மாதிரி, கரையோரமாகவே போவார்கள், திரும்பி வருவார்கள். நீச்சல் கிடையாது, வெறும் நடைதான். மகளும் அந்த வரிசையில் போனாள். மிதப்பதற்கு முதுகில் காய்ந்த சுரைபுருடையைக் கட்டி எங்கள் கிணற்றில் நான் நீந்தப் பழக்கிய பெண். படியில் நின்று அழுதவள். அந்தப் பச்சைத் தண்ணீரில் அவள் தலை எது என்று கரையில் நின்று தேடிக்கொண்டிருந்தேன்.

இத்தனையும் பார்த்தேன். ஆனால் பார்க்க வந்தது இதையல்லவே. போகிற இடமெல்லாம் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஆபீஸில் வருகிறவர்களிடமும் அவள் அதே சிரிப்பைத்தான் சிரித்தாள்.

"ஏம்மணி, என்னையும் ஒறம்பரையாட்டமே சுத்திக் காட்டறயே" என்று ஒரு நாள் கேட்டேன். விருந்தாளி என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

"ஒறம்பரை இல்லாம என்னங்கப்பா? இருங்கன்னா இருக்கவா போறீங்க?" என்றாள். அப்போதும் சிரித்தாள்.

கரைக்கு எதிரே ஒரு குட்டித் தீவு உண்டு. மேலே சின்னதாக ஒரு கல் கோயில். கடல் போனதும் மணலில் ஒரு கல் பாதை தெரியும், நடந்தே போய் வரலாம். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் மாப்பிள்ளை என்னைக் கூட்டிப் போனார். பாசியில் வழுக்காமல் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்தால் மகள் வீட்டு ஓடு தெரிந்தது. மகளோடு இங்கே தனியாக உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

ஊருக்குக் கிளம்ப இரண்டே நாள் இருக்கும்போது, மதியத்துக்கு ஆபீஸ் மூடுகிற நேரம் பார்த்து, தீவுக்குப் போகலாம் வா என்று அவளுக்குப் போன் போட்டுவிட்டு நான் முன்னால் போய் நின்றேன். அதே பன்னிரண்டு மணி. பார்த்தால் பாதையைக் காணோம். தீவைச் சுற்றித் தண்ணீர் தளும்புகிறது. எவனோ மடையை மாற்றிவிட்டான் என்றுதான் முதலில் எனக்கு ஆத்திரம் வந்தது.

மகள் ஒரு ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"ஞாயித்துக்கெழம பன்னெண்டு மணிக்குத்தான அம்மணி தண்ணி எறங்கி இருந்துச்சு?"

அவள் அப்படியே கரைப் படியில் உட்கார்ந்து சிரித்தாள். இந்தச் சிரிப்பு வேறு.

"அப்பா, இது நம்ம வாய்க்கா முறையில்லீங்க. நாளுக்கு நாள் பிந்திப் பிந்திப் போகும். இன்னிக்கு ரெண்டரைக்கு மேலதான் வழி உடும். சித்த உக்காருங்க."

ஆபீஸுக்குப் போன் போட்டு வர நேரமாகும் என்றாள் போலிருக்கிறது. இருவரும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். முன்பெல்லாம் தண்ணீர் வரக் காத்திருப்போம். இப்போது அது போவதற்குக் காத்திருக்கிறோம்.

"உங்கம்மா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா" என்றேன்.

"தெரியும். போன்லயே சுத்திச் சுத்தி அதத்தான் கேக்கறாங்க."

"சொல்லு. இங்க சந்தோசமா இருக்கறயா?"

"மொத வருசம் இதே படில உக்காந்து அழுதிருக்கறனுங்கப்பா" என்றாள். "தண்ணி போறப்பல்லாம் அழுவாச்சி வரும்." அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்தாள்.

அதற்குள் எங்களைத் தாண்டி ஒரு புருஷனும் பெண்சாதியும் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். வெளியூர் ஆட்கள். பாதி வழியில் ஒரு பள்ளம் உண்டு, இழுக்கும். மகள் விசுக்கென்று எழுந்தாள். பாருங்கள், அப்படியொரு சத்தம் அவளிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு கை இடுப்பில், இன்னொரு கை ஆகாசத்தில். அந்த ஊர்ப் பாஷையில் திட்டினாள் திட்டினாள் அப்படித் திட்டினாள். எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை, ஆனால் எல்லாம் விளங்கியது. அந்த ஆள் பம்மிக்கொண்டு கரையேறினான். கீழே ரப்பர் பூட்ஸோடு சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி நிமிர்ந்து மகளைப் பார்த்து ஏதோ கத்தினாள். மகளும் ஒன்று கத்தினாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்ன சொல்றா அந்தம்மா?"

"போன வாரம் அவ பேரனையும் இப்படித்தான் திட்டுனனாம். எங்கிட்டத் திட்டு வாங்காத ஆளு இனி இந்தக் கரையில இல்லீங்கறா."

மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். நான் மறுபடி கேட்கவில்லை. ஒறம்பரைக்கு வந்தவள் யாரையும் திட்ட மாட்டாள். மடையில் நின்று அடுத்த காட்டுக்காரனோடு நான் சண்டை பிடித்ததெல்லாம் அது என் தண்ணீர் என்பதால்தானே. நெஞ்சு நிறைந்தும் இருந்தது, ஏதோ ஒன்று கழன்று போனது மாதிரியும் இருந்தது.

வழி விட்டதும் தீவுக்குப் போனோம். கல் பெஞ்சில் உட்கார்ந்து வேறு என்னென்னவோ பேசினோம்.

ஊர் வந்து சேர்ந்த பிறகும் வீட்டில் நாலு பேர் இருக்கும்போது இதைச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்காரியும் கேட்கவில்லை. முட்டிக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்கு ஆர்.எஸ்.புரம் போனோம். டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஆரம்பித்தாள்.

"தோசை பாத்தது, கள்ளுக் குடிச்சது எல்லாஞ் சொல்லிப்போட்டீங்க. நாங் கேட்டது?"

திட்டிய கதையைச் சொன்னேன். எழுந்து நின்று கையை வைத்துக் காட்டினேன். பக்கத்தில் ஸ்கூட்டர் நிறுத்த வந்தவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"யாராட்டமுங்க திட்டுனா?"

"உன்னாட்டமேதான்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகு வெகு நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆட்டோ போயிற்று, இன்னொன்று போயிற்று.

"அப்ப வரமாட்டா" என்றாள்.

நான் கையிலிருந்த டோக்கனை மடித்துப் பிரித்தேன்.

"மாடி ரூமை வாடகைக்கு உட்டுரலாம்னு பையங்கிட்டச் சொல்லிருங்க. சும்மா பூட்டிக் கெடந்து என்னத்துக்கு."

டோக்கன் கூப்பிட்டார்கள். என் தோளைப் பிடித்து எழுந்தாள். உள்ளே பயிற்சி கொடுக்கிற பெண், இந்த முட்டிக்குத் தண்ணீரில் நடந்தால் இன்னும் நல்லது என்று பேச்சுவாக்கில் சொன்னாள். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது வீட்டுக்காரி கேட்டாள்.

"அந்தப் பொம்பளைங்க கடலுக்குள்ள நடக்கறாங்கன்னு சொன்னீங்கல்ல. அந்த வரிசையில என்னயச் சேத்துக்குவாங்களா?"

மாடியில் இப்போது தறிக்கு வேலை வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. ராத்திரி தொட்டிலாட்டுகிற சத்தம் கேட்கும். இவள் பொழுதோடு வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக அக்கட்டாலும் இக்கட்டாலும் நடக்கிறாள். முதலில் என் தோளைப் பிடித்து நடந்தாள். இப்போது சுவரைத் தொட்டுக்கொண்டு.

"தண்ணி ரொம்பச் சில்லுனு இருக்குமுங்களா?"

"இருக்கும்."

"நம்ம கெணத்துத் தண்ணியவிட?"

"அதவிடச் சில்லுனு இருக்கும்."

"சரி, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு நடை போய் வருகிறாள்.