சுடாத மலை

நான் பிறந்தது ஈப்போவில். டாக்டருக்குப் படித்தது கோலாலம்பூரில். எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சில மாதங்கள் சம்பளமில்லாமல் வேலை பார்க்க வந்தேன். சேவை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் விமானம் ஏறினேன். ஆனால் பெட்டிக்குள் ஸ்டெதஸ்கோப்புக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கேமராவும், மலை ஏறத் தோதாக ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூவும் இருந்தன. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் சேவை, ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றல் என்பது நானே போட்டுக்கொண்ட சட்டம்.

மகாபலிபுரம் பார்த்தேன், காஞ்சிபுரம் பார்த்தேன், வேடந்தாங்கலில் பறவைகளைவிடக் கொசுவை அதிகம் பார்த்தேன். துணைக்கு வருவது குரோம்பேட்டையில் குடியிருந்த எங்கள் நர்ஸ். என்னைவிடச் சின்னவள், வாய் கொஞ்சம் நீளம். எங்கள் ஊர் வழக்கப்படி “பசியாறியாச்சா?” என்று நான் கேட்டால், “எங்களுக்கெல்லாம் பசி ஆறாது டாக்டர், டிபன் சாப்பிட்டாத்தான் போகும்” என்பாள். அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலையிலிருந்து தப்பிக்க நான் ஒரு சாக்கு.

கோவிலம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வாராவாரம் சனிக்கிழமை வருவார். ஏர் ஓட்டிய குடும்பம். வயலெல்லாம் மனை போட்டு விற்றுக் கைக்கு நாலு வளையல் ஏறியிருந்தது. ஆனாலும் எங்கள் ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் வந்து உட்காருவார். காசு வாங்கும் டாக்டர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை என்பது அவர் கட்சி. அவருக்குச் சர்க்கரை நோய் முற்றியிருந்தது. தித்திப்பை விடமாட்டார், கேட்டால் சிரிப்பார்.

முதல் நாளே என்னிடம் கேட்டார்.

“டாக்டரம்மாவுக்கு எத்தினி புள்ளைங்க?”

“இல்லை.”

“கண்ணாலமாகி எத்தினி வருசம் ஆச்சு?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஈப்போவில் மாமியாரிடமிருந்தும் அவர் கூட்டி வரும் சொந்தக்காரர்களிடமிருந்தும் இதே கேள்விக்குத் தப்பித்துத்தானே கடல் தாண்டி வந்திருந்தேன். “அதைத் தெரிஞ்சிக்கிட்டா உங்க சுகர் குறையுமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

சர்க்கரை நோய் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். அதைக் கண்டுபிடிக்க, நோயாளியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பஞ்சால் பாதத்தைத் தொட வேண்டும், தொடுவது தெரிகிறதா என்று கேட்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. எனக்கோ வேலை முடிந்ததும் கேமராவுக்குப் பிலிம் சுருள் வாங்கக் கடைக்கு ஓட வேண்டும். கண்ணை மூடச் சொல்லவில்லை. பஞ்சால் தொட்டேன்.

“தெரியுதாம்மா?”

“தெரியுது டாக்டரம்மா.”

“இங்கே?”

“நல்லாத் தெரியுது.”

நர்ஸ் அவர் காலடியில் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டே, “நாளைக்கு டாக்டர் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போறாங்க, பெரிய பக்தை ஆயிட்டாங்க” என்று கேலி பேசினாள். அந்த அம்மாள் “அப்பிடியா!” என்று கண்ணை விரித்தார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி ரயிலில் போவதாகத்தான் திட்டம். நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். எழுந்து தலைக்கு ஊற்றி, காய வைத்து, சாவகாசமாகக் காபி குடித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தும் நேரம் நெருங்கிவிட்டது. சித்திரை வெயில். ஷூவைக் கடையில் விட்டுவிட்டு வாசலிலிருந்து படிவரைக்கும் குதித்துக் குதித்து ஓடினேன். பின்னால் நர்ஸ் சிரித்தாள்.

மலையைக் குடைந்த சன்னதிக் குகைக்குள் குளிர்ச்சியாக இருந்தது. அர்ச்சகர் நெற்றித் திருமண்ணை விலக்கி, தீபத்தைக் காட்டி, நரசிம்மரின் மூன்றாவது கண்ணைக் காண்பித்தார். சாமி மலையோடு ஒட்டிய சிற்பம். அதனால் சன்னதியை மட்டும் சுற்றி வர முடியாது, சாமியைச் சுற்ற வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். “அதை நீ சுத்து. நான் இங்கேருந்து பார்க்கிறேன்” என்றேன். இரண்டு பேருமே சுற்றவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு, மலைப்பாதை தெரிகிற ஒரு மர நிழலில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். சாப்பிட்டு முடித்ததும் நான் கொஞ்சம் கண்ணயர்ந்துகூட விட்டேன்.

கண் விழித்தபோது பாதையின் வளைவில் ஒரு பெண்மணி வந்துகொண்டிருந்தார். ஈரப் புடவை, கூப்பிய கை, வெறுங்கால், உச்சி வெயில். இப்படி ஒரு படத்துக்காகத்தானே இத்தனை தூரம் வந்தோம் என்று கேமராவைத் தூக்கிச் சட்டென்று எடுத்தேன். எடுத்த பிறகுதான் முகம் தெரிந்தது. எங்கள் கோவிலம்பாக்கத்து அம்மாள்.

“பாத்துட்டீங்களா! நீங்க பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன்” என்று சிரித்துக்கொண்டே வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். நர்ஸ்தான் முதலில் கவனித்தாள்.

“யக்கா, காலு!”

இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்து, கொப்புளம் உடைந்து தோல் உரிந்து தொங்கியது. வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு கண்ணாடிச் சில் புதைந்திருந்தது. அவர் குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அட, ஆமா. ஒண்ணுமே தெரிலியே. கல்லு சுடவே இல்ல டாக்டரம்மா. சாமி எனக்கு மட்டும் சுடாம வெச்சிருக்காரு பாருங்க.”

“இந்த வெயில்ல உங்களை யார் நடக்கச் சொன்னது? காலையிலேயே சுத்தியிருக்கக் கூடாதா?” என்று கத்தினேன்.

அவர் நர்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பதினாறு வயசுப் பெண் மாதிரி வெட்கப்பட்டார். “காலையிலியே வந்துட்டேன். உங்களுக்காகத்தான் நேந்துகினேன், மூணு சுத்து. நீங்க உள்ள சாமி பாக்கறப்போ நான் சுத்த ஆரம்பிக்கணும், அப்பத்தான் பலிக்கும். நீங்க வர லேட்டாயிடுச்சி. அடுத்த வருசம் உங்க மடியில ஒரு புள்ள இருக்கணும் கண்ணு. இன்னும் ஒரு சுத்துதான் பாக்கி.”

சொல்லிவிட்டு எழப் பார்த்தார்.

எனக்கு வந்ததெல்லாம் வெட்கம். அந்த வெட்கத்தைக் கோபமாக்கி அந்த அம்மாள் மேலேயே கொட்டினேன், அதுதான் என் குணம். “சாமியும் இல்லை ஒண்ணும் இல்லை! உங்க காலுக்கு உணர்ச்சி செத்துப்போச்சு. சுகர் தின்னுடுச்சு. இன்னொரு சுத்து நடந்தா காலையே எடுக்கணும், தெரியுதா?”

அவர் முகம் வாடிப்போனது. கால் போய்விடும் என்பதற்காக வாடியதாக எனக்குத் தோன்றவில்லை. சாமி தனக்கென்று ஒரு சலுகை செய்தார் என்று சற்று முன்வரை நம்பியிருந்தார். அதை நான் பிடுங்கிவிட்டேன்.

“நேத்து பஞ்சால தொட்டப்போ தெரியுதுன்னு சொன்னீங்களே!” என்றாள் நர்ஸ்.

“தெரில. அவங்க கை போற எடத்தப் பாத்து சொன்னேன்” என்றார் தலையைக் குனிந்துகொண்டு. “எங்கியோ கடல் தாண்டி வந்து என் அழுக்குக் காலத் தொடுறாங்க. தெரிலன்னு சொன்னா மனசு கஷ்டப்படும்ல?”

என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடச் சொல்லியிருந்தால் இந்தப் பொய்க்கே இடமில்லை. விடியற்காலை ரயிலைப் பிடித்திருந்தால் கல் குளிர்ந்து கிடந்திருக்கும். குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி அந்தக் காலைக் கழுவினேன். நர்ஸ் தன் புதுத் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வரும்வரை அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். “பாதியில வுட்டா ஆவாது” என்றார்.

அதன் பிறகு மிச்சமிருந்த வாரங்களில் நான் எந்த ஊரையும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அவருக்குக் கட்டு மாற்றினேன். கால் தப்பியது, பெருவிரல் தப்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு வந்த அன்றும், “ஒரு வெரலு தானே, போவட்டும்” என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னார். ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பிள்ளை பிறந்ததா என்று இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். பிறக்கவில்லை. அந்தப் படமும் என்னிடம்தான் இருக்கிறது. யாருக்கும் காட்டியதில்லை.

ஊருக்குத் திரும்பும் முன் அவரை ஆட்டோவில் ஏற்றி அதே கோவிலுக்குக் கூட்டிப்போனேன். மர நிழலில் உட்கார வைத்து, பாக்கியிருந்த அந்த ஒரு சுற்றை நான் நடக்கிறேன் என்றேன். எனக்குச் சாமி நம்பிக்கை அன்றும் இல்லை. அவர் கையை நீட்டி என் வெள்ளை ஷூவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வேண்டுமென்றேதான் மத்தியானத்தில் போயிருந்தேன்.

கல் சுட்டது, மண் சுட்டது, சின்னச் சின்ன முள்ளெல்லாம் தைத்தது. பாதி தூரத்திலேயே அழுதுவிட்டேன். நொண்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“சுடுதா கண்ணு?” என்றார்.

“ரொம்பச் சுடுதும்மா.”

அவர் முகம் மலர்ந்தது. என் பாதத்தைத் தன் கையால் தடவிக்கொடுத்தார்.

“சுடட்டும், சுடட்டும். உன் காலு நல்லா கீது.”