இரண்டு மாத்திரைக்கு நடுவே எங்கள் காளியம்மா

அம்மனை நம்பும் சொந்தங்களே, நான் புதூர்நாட்டு மலையில் ஜீப் ஓட்டுகிறவன். வளைவில் வண்டி சாய்ந்தாலும் உள்ளே இருப்பவர்களைச் சிரிக்க வைத்துவிடுவேன். அந்தச் சிரிப்பு போன ஆடி மாதம் அடைத்துக்கொண்டது.

இதய அடைப்புக்காக ஏற்கெனவே தினமும் ஒரு கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவன் நான். போளூரில் ஒரு முகாமில் இரத்தம் எடுத்தார்கள். குழாயின் மேல்பாதி பால் போல வெளுத்து நின்றது. "அண்ணே, இன்னா சாப்புடுறீங்க?" என்றாள் பரிசோதித்த பெண்.

"என்னைக் கறந்தா பால் வரும்னு ஊர்ல சொல்லிடாதம்மா" என்றேன். வாய்தான் பேசியது, கண் அந்தக் குழாயிலேயே இருந்தது.

இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கொழுப்பு ஏறிக் கிடக்கிறது, கணையம் வீங்கினால் உயிருக்கே ஆபத்து என்றார் முகாம் மருத்துவர். வேறு மாத்திரை உண்டா என்று கேட்டார். பயத்தில் இல்லையென்று தலையாட்டினேன். ஜெம்ஃபைப்ரோசில் என்ற மாத்திரையை எழுதினார்.

மறுவாரம், இதயத்துக்கு வழக்கமாகப் பார்க்கும் திருப்பத்தூர் மருத்துவரிடம் போனேன். முகாமைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. அவரும் இரத்தம் எடுத்துப் பார்த்து, அதே கொழுப்புக்கு ஃபீனோஃபைப்ரேட் என்ற மாத்திரையை எழுதி, கிட்னி, ஈரல் பரிசோதனை செய்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்றார். கிட்னி என்றதும் பயந்து எழுந்தவன், பரிசோதனைக்குப் போகாமல் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டில் வந்துதான் உட்கார்ந்தேன்.

இரண்டு மருத்துவர்களும் எழுதிய மாத்திரை அட்டைகள் எதிரே. எதை விழுங்கினாலும் செத்துப்போவேன், விழுங்காவிட்டாலும் செத்துப்போவேன். சோறு இறங்கவில்லை. ஜீப்பில் ஏறினவர்கள், "இன்னா மாமா, இன்னிக்கு வாயே தொறக்கல?" என்றார்கள். நெஞ்சில் கொசு கடித்தால்கூட மாரடைப்பு என்று வண்டியை ஓரங்கட்டினேன்.

கடைசியில் காளியம்மாவிடம் பூ கேட்கப் போனேன். அம்மன் கல்லின் நெற்றியில் ஒட்டும் பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். நான் வலப்பக்கத்தை முகாம் மாத்திரைக்கும் இடப்பக்கத்தை மற்றதற்கும் பங்கு போட்டுக் கொடுத்தேன். பூ அசையவில்லை. வெயில் ஏறியது. "தாயே, நீயும் என்னைக் கைவிட்டுட்டியா?" என்று அழுதேன். அவ்வளவு இருட்டு என் மனதில் அதற்குமுன் வந்ததில்லை.

தேடி வந்த என் மனைவி பச்சையம்மா, கல்லடியில் கிடந்த அட்டைகளைப் பார்த்தாள். "இன்னாயா, அம்மனை மருந்துக் கடையில வேலைக்கு வெச்சிட்டியா? எழுதிக் குடுத்தவரு உயிரோடதான இருக்காரு? அவரண்ட போய்க் கேளு. எல்லாத்தையும் எடு."

வீட்டிலிருந்த பழைய மாத்திரையையும் சேர்த்து திருப்பத்தூர் மருத்துவர் மேசையில் கொட்டினேன். அவர் முகம் மாறியது. "ஜெம்ஃபைப்ரோசில் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்லீங்க. சாமி உத்தரவு தரல."

"நல்லதாப் போச்சு. இதயத்துக்குப் போடறீங்களே, அதோட இது சேர்ந்தா தசை சிதைஞ்சு கிட்னி போயிடலாம். நான் எழுதுனதைக் கவனமாச் சேர்க்கலாம். அதுக்குத்தான் டெஸ்ட் கேட்டேன். கணையத்தைக் காப்பாத்தத்தான் அந்த மாத்திரை. இதயத்துக்குப் பழைய மாத்திரைதான் முக்கியம், நிறுத்தாதீங்க."

நாற்காலியிலேயே அழுதேன். பதிலே இல்லையென்று நான் திட்டிய தாய், என் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள்.

கிட்னியும் ஈரலும் நன்றாக இருந்தன. ஃபீனோஃபைப்ரேட் தொடங்கினேன். சாராயம் போனது, சர்க்கரை டீ போனது. அடுத்த முறை எடுத்த இரத்தம் இரத்த நிறத்திலேயே இருந்தது. பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறது, அவ்வளவுதான்.

என்னைப் போல நடுங்கிக் கிடப்பவர்களே, அவளிடம் மனம்விட்டு அழுங்கள். அவள் கேட்பாள். அழுது முடித்ததும் சாப்பிடும் மாத்திரை ஒன்றையும் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கேயும் உங்களோடு வருவாள்.