முற்பகல் 11.20, வேதியியல்

“ஜூன், வியாழன். முற்பகல் 11.20. வேலூர், கல்லூரிக் கலந்தாய்வு. வேதியியல். அவளே சொன்னாள்.”

ஆம்பூர் திரும்பும் பேருந்தில் என் நாட்குறிப்பில் எழுதியது இது. எழுத்து கோணலாக இருக்கிறது, நேரத்தில் பிழை இல்லை. அரங்கின் சுவர்க் கடிகாரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்க்கும் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், ஒரு மணிவரைதான் பர்மிஷன்.

மகளின் எண்ணைக் கூப்பிட்டார்கள். மேசையில் இருந்த பேராசிரியர் மீதமிருந்த துறைகளைப் படித்தார். பத்து நிமிடம் யோசிக்கலாமா என்று மகள் கேட்டாள். பின்னால் வரிசை நிற்கிறது என்றார் அவர். இதுவரை நன்றாக நினைவிருக்கிறது. அடுத்து யார் வாய் திறந்தது என்பதில்தான் சிக்கல்.

ஆகஸ்டில் துறை மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரியில் அறிவித்தார்கள். கடைசி நாள் வெள்ளி. மகள் வரலாறு கேட்டு எழுதி, புதன் மாலை என் கையெழுத்துக்கு நீட்டினாள். நாட்குறிப்பில் தேதிகளைச் சேர்த்துவைக்கும் நானே வரலாறு வேண்டாம் என்று மறுத்தேன். வேதியியல் என்றால் இங்கே எந்தத் தோல் ஷாப்பிலும் லேப்பில் உட்காரலாம் என்றேன். போதாததற்கு நாட்குறிப்பையும் எடுத்துக் காட்டினேன்.

“நான் எங்க சொன்னேன், அப்பா? நீதான் சொன்ன. சொல்லிட்டு கடிகாரத்த பாத்த.”

கடிகாரத்தைப் பற்றி அவளிடம் நான் பேசியதே இல்லை.

என் வேலை தோலைத் தரம் பிரிப்பது. முடியோடு வரும் பச்சைத் தோலுக்குத் தரம் சொல்ல மாட்டேன். முடி நீங்கி, பதமாகி, நீல நிறத்தில் மேசைக்கு வந்த பிறகுதான் உண்ணிக் கடியும் முள் கீறலும் தெரியும். இதை வீட்டில் பெருமையாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

“முடியோட வர்ற தோலுக்கு கிரேடு போட மாட்ட. எனக்கு மட்டும் ஒரு நிமிஷத்துல போட்டுட்ட இல்ல?”

குரலை உயர்த்தவில்லை. பேனாவைத் திறந்து என் பக்கம் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மேசையில் கை ஓடவில்லை. ஒரே தோலை நாலு முறை புரட்டினேன். வெள்ளி காலை, ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் கையெழுத்துப் போட்டேன். இப்போது அவள் வரலாற்றுத் துறையில் இருக்கிறாள். இதுவும் சரியா என்று தெரியாது என்கிறாள்.

“அவளே சொன்னாள்” என்பதை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அந்தப் பேராசிரியரைக் கேட்கலாம் என்று கல்லூரிக்குப் போனேன், மாற்றலாகிப் போய்விட்டாராம். வேதியியல் என்று சொன்னது யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.