கொண்டாப்பூர் மொட்டைமாடியில் ஒரு தூண்டில்

வெளிநாட்டு ஆன்சைட் வேலையிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே உருப்படியான பொருள், டிரவுட் மீன் பிடிக்கும் தூண்டில்கோல். ஹைதராபாத்தில் டிரவுட் ஏது? சனிக்கிழமைக் காலையில் கொண்டாப்பூர் ஃபிளாட்டின் மொட்டைமாடியில், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டியைக் குறிவைத்து வீசுவேன். வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே வலியெடுத்த தோளுக்கு அது ஒன்றுதான் வைத்தியம்.

இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சிகளில் இரண்டு வகை வைத்திருந்தேன். டிரை ஃப்ளை தண்ணீர்மேல் மிதக்கும். எமர்ஜர் பாதி அமிழ்ந்து, கூட்டைவிட்டு வெளியே வரத் திணறும் பூச்சிபோலத் தொங்கும். டிரவுட் பெரும்பாலும் அதைத்தான் நம்பும். இதோ பறக்கப்போகிறது, விட்டால் போச்சு என்று பாய்ந்துவிடும்.

அன்று எமர்ஜர் சரியாகத் தொட்டிக்குள் விழுந்த நேரத்தில் போன் அடித்தது. மேனேஜர், நம்மூர்க்காரர். “இன்னிக்கு மட்டும் ஆபீஸ் வந்துடுங்க. இந்த ரிலீஸ் முடிஞ்சா உங்க விசா கன்ஃபர்ம்.” போன ரிலீஸுக்கும் இதையேதான் சொன்னார்.

“வந்துடறேன் சார்” என்றேன்.

நூலைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன். நாங்கள் தமிழில் கேட்டாலும் தெலுங்கிலேயே பேசும் மகள் வாசலில் நின்றிருந்தாள். “சேப்ப படிந்தா?” மீன் மாட்டியதா என்று கேட்கிறாள்.

“மாட்டிடுச்சும்மா” என்று சொல்லிவிட்டு ஷூவைத் தேடினேன்.