சாமிக்குத் தத்துப் போகவிருந்த தெங்மோ

வலாய் இடிக்கிற இறால் துவையலுக்குப் புக்கெட் சந்தையில் நல்ல பெயர். குச்சியில் கோத்துப் புகைபோட்ட இறாலை மிளகாயோடும் இறால் விழுதோடும் அவள் உரலில் போட்டு இடிக்க ஆரம்பித்தால் தெருமுனை வரைக்கும் பசி எடுக்கும். அவள் பெற்ற பெண்ணுக்குத்தான் நல்ல பெயர் இல்லை.

தெங்மோவுக்கு ஐந்து வயது. கடிப்பாள், கிள்ளுவாள், சோற்றுத் தட்டைத் தட்டிவிடுவாள். ராத்திரி முழுக்கக் கழுத்தைச் சொறிந்துகொண்டு பாயில் புரள்வாள். கொசுக்கடி என்று வலாய் களிம்பு தடவினாள். வயிறு வலிக்கிறது என்று பிள்ளை அழுதால், சாப்பிடாமல் இருக்கச் சாக்கு என்று நினைத்தாள். ஒரு தடவை அடித்தும் பார்த்தாள். அன்றைக்குப் பிள்ளையைவிட அவள்தான் அதிகம் அழுதாள். கடைசியில் பாலர் பள்ளியில் இன்னொரு குழந்தையின் கன்னத்தில் தெங்மோவின் பல் பதிந்ததும், டீச்சர் ரொம்ப மரியாதையாக, "கொஞ்ச நாள் வீட்லயே வச்சிருங்களேன்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் சுமாலி, வலாயின் நாத்தனார். யாருக்கும் கெடுதல் நினைக்காதவள், ஆனால் யாரையும் சும்மா விட்டுவைக்கவும் மாட்டாள். சீனக் கோயிலில் ஜாதகம் கேட்டுக்கொண்டே வந்திருந்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் பொருத்தம் இல்லையாம். சாமிக்குத் தத்துக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமாம்.

"எங்கயும் அனுப்பப் போறதில்ல வலாய். இங்கதான் இருப்பா. நீதான் குளிப்பாட்டுவே, நீதான் ஊட்டுவே. அம்மான்னு மட்டும் கூப்பிடக் கூடாது. சித்தின்னு கூப்பிடட்டும்."

"பெத்தவ நான்க்கா."

"பெத்ததுதான் ஒத்துக்கலைங்கறாங்க."

வலாயின் புருஷன் தாவோன், மினிபஸ் ஓட்டுகிறவன், அக்கா பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழகாதவன், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சைவத் திருவிழா முடிந்ததும் தத்து என்று முடிவாயிற்று. வலாய் சரி என்று தலையாட்டினாள். பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அனுப்பிவிட்ட பிள்ளைக்கு வேறு எந்த வழியும் அவளுக்குத் தெரியவில்லை.

சாமிகள் ஊருக்குள் இறங்கி வந்து ஒன்பது நாள் தங்குகிற திருவிழா வந்தது. ஊரே வெள்ளை உடுத்தியது. மீனும் கறியும் பூண்டும் வீட்டைவிட்டுப் போயின. வலாய் கடையை அடைத்து, உரலைக் கழுவிப் பரணில் ஏற்றினாள். சோறும் கீரையும் டோஃபுவுமாகச் சில நாள் போனது. தெங்மோ சொறிவது குறைந்தது. பிறகு ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினாள். காலையில் எழுந்து, யாரையும் கடிக்காமல், தரையில் உட்கார்ந்து மீன் படம் வரைந்தாள். நெஞ்சு குளிர்ந்துபோய் வலாய் அடுப்பை அணைக்கக்கூட மறந்து நின்றாள்.

"பாத்தியா? சாமி ஊருக்குள்ள வந்ததும் பொட்டிப் பாம்பா அடங்கிட்டா" என்றாள் சுமாலி. அன்றே பாடமும் தொடங்கிவிட்டாள். "எங்க கண்ணு, சொல்லு. சித்தி."

தெங்மோ கெட்டிக்காரி. சாயங்காலமே, "சித்தி, தண்ணி" என்று கேட்டாள். வலாய் தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். சாமிமேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அதை வெளியில் சொல்லத்தான் முடியுமா?

திருவிழா முடிய இரண்டு நாள் இருக்கையில் பக்கத்து வீட்டு ரொஹானி, விரதம் இல்லாத முஸ்லிம் வீட்டுக்காரி, வேலிக்கு மேலாக ஒரு வடையைத் தெங்மோவிடம் நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் காது சிவந்தது, உதடு வீங்கியது, பழைய ஆட்டம் எல்லாம் திரும்பியது. வீசிய செருப்பு சுமாலியின் தோளில் போய் விழுந்தது.

"விரதத்தக் கெடுத்தா சாமி சும்மா விடுமா?" என்று சுமாலி தோளைத் தடவினாள்.

ரொஹானி அழுகிற நிலையில் இருந்தாள். "எறா வட ஒண்ணுதாங்க குடுத்தேன். என் பையன் ஒரு தட்டுத் திம்பான்."

வலாய் பிள்ளையின் உதட்டையே பார்த்தாள். சாமி இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. பிள்ளை உடம்பில் வெள்ளை உடுப்பு அப்படியே இருக்கிறது. புதிதாக உள்ளே போனது ஓர் இறால்தான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ஊசி போட்டு வீக்கம் வடிந்த பிறகு, வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

"எறா. காலைல எறா, மத்தியானம் எறா. மிச்சமிருந்தா ராத்திரியும்."

"மறுபடி நான் சொல்ற வரைக்கும் வாசனைகூட வேண்டாம். அப்புறம் டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்."

சுமாலி ஒத்துக்கொள்ளவில்லை. "சாமி போனப்புறம் ஆடுவா பாரு. ஆடலைன்னா நான் வாய தொறக்கல."

"ஆடினா நீங்க சொன்ன மாதிரி குடுத்துடறேன்க்கா" என்றாள் வலாய். சொன்ன பிறகுதான் எதைப் பந்தயம் வைத்தோம் என்று அவளுக்கு உறைத்தது.

சாமிகளைக் கடலுக்கு வழியனுப்பியாயிற்று. மறுநாள் ஊரே மீன்சந்தைக்கு ஓடியது. வலாய் மட்டும் மறுபடி கீரையையே ஆய்ந்தாள். குற்ற உணர்ச்சி தாங்காத ரொஹானி தன் கொல்லைக் கொட்டகையைக் காலி செய்து கொடுக்க, உரல் அங்கே போனது. இடித்து முடித்ததும் வலாய் தலைக்குக் குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டுதான் பிள்ளையைத் தொட்டாள். ஒவ்வொரு காலையும் பயந்து பயந்து அதன் கழுத்தைப் பார்த்தாள். தோல் ஆறிக்கொண்டே வந்தது. தெங்மோ வெள்ளை உடுப்பைக் கழற்றிச் சிவப்புக் கவுனில் திரிந்தாள், தூங்கினாள், இரண்டாவது தடவை சோறு கேட்டாள். சுமாலி தினமும் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள்.

டெஸ்ட் அன்று அவளும் கூட வந்தாள். பிள்ளையின் கையில் வரிசையாகக் குத்தி, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு சொட்டு மருந்து வைத்ததில், இறால் சொட்டு வைத்த இடம் மட்டும் தடித்து வீங்கியது.

"எறாதான் எம் பொண்ண பொல்லாதவளா ஆக்குச்சா?" என்று கேட்டாள் வலாய்.

"அப்பிடி இல்லம்மா. உடம்பெல்லாம் அரிப்பு, வயித்துல வலி, தூக்கம் கெடையாது. நானா இருந்தா வர்ற நோயாளிங்களையெல்லாம் கடிச்சு வச்சிருப்பேன்." டாக்டரம்மா அவசரத்துக்கு மருந்து எழுதினார். மூச்சு இழுத்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

என் கையாலேயே ஊட்டியிருக்கிறேனே என்று வலாய் ஒரு கணம் தன் கையையே பார்த்தாள். ஆனால் அதையும் மீறி, இத்தனை நாள் தலையில் இருந்த பாரத்தை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

வெளியே சுமாலி தொண்டையைச் செருமினாள். "கோயில்ல வேண்டாம்னு சொல்லிடறேன். எப்பிடியோ, சாமிதானே காட்டிக் குடுத்துச்சு."

"ஆமாக்கா, சாமிதான்" என்றாள் வலாய். இருந்த சந்தோஷத்தில் அவள் எதையும் விட்டுக்கொடுத்திருப்பாள்.

தெங்மோ அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "சித்தி, பசிக்குது."

வலாய் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சித்தி வேண்டாம்னு ஆயிடுச்சுடி."

"அப்ப எப்பிடிக் கூப்பிடறது?"

"பழையபடிதான்."

பிள்ளை அத்தையைத் திரும்பிப் பார்த்தது. சுமாலி தலையை ஆட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, பசிக்குது."

"என்ன சொன்னே?"

"பசிக்குதுன்னேன்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லு."