மாமா நம்பிய கடல்மலை

2012-இல் நான் அண்ணாமலை நகரில் நிலவியல் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். அக்காவைக் கடலோரத் தேவனாம்பட்டினத்தில் ஒரு மீனவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம்; அவர்தான் மாமா. 2004 சுனாமியில் படகும் வீடும் போனதிலிருந்து, கடல் கொஞ்சம் பலமாக இரைந்தாலே மாமாவுக்குத் தூக்கம் போய்விடும்.

அந்தப் பொங்கலுக்குப் போனபோது, படித்த பெருமையில் அவரிடம் அளந்துவிட்டேன். கடலடித் தரை இரண்டாகப் பிளந்து விலகுகிறது, அந்த இடைவெளியில் பூமிக்குள்ளிருந்து சூடான பாறை மேலே ஏறி வருகிறது, சூட்டில் உப்பி நிற்பதால் நடுக்கடலில் இமயமலையை விட நீளமான மலைத்தொடரே இருக்கிறது என்றேன். இன்னமும் ஏறுதா என்று கேட்டார். ஓயாமல் ஏறுகிறது என்றேன். அதற்குப் பிறகு மாமா நன்றாகத் தூங்குவதாக அக்கா சொன்னாள். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் ஒரு மதியம் லேபில் மேசை ஆடியது. சுமத்ரா பக்கம் பெரிய பூகம்பம், சுனாமி எச்சரிக்கை என்று டிவியில் ஓடியது. பல தடவை அடித்த பிறகுதான் மாமாவின் லைன் கிடைத்தது.

"கிளம்பிட்டீங்களா மாமா?"

"எதுக்கு மச்சான்? நடுவுல உன் மலை இருக்குதுல்ல. அது தடுத்துக்காதா?"

நான் கத்தினேன். "ரெண்டாயிரத்து நாலுல தடுத்துச்சா?"

"அதான் ஏறிக்கினே இருக்குதுன்னியே. இத்தினி வருஷத்துல வளந்திருக்காதா?"

"வளராது மாமா. மேல வர்ற பாறை ரெண்டு பக்கமும் நவுந்து, ஆறி, எறங்கிடும். உச்சியே ரெண்டு கிலோமீட்டர் தண்ணிக்குக் கீழ கெடக்கு. அது இருக்கிற எடமும் வேற, சுமத்ராவுக்கும் நமக்கும் நடுவுல இல்ல. அக்காவையும் புள்ளையையும் கூட்டிக்கினு மேட்டுக்குப் போங்க."

லைன் அறுந்துவிட்டது. எவ்வளவு காதில் விழுந்ததோ தெரியாது. அதன்பின் யாருக்கு அடித்தாலும் போகவில்லை. வராண்டாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். சாமியை வேண்டிக்கொண்டேன், என் வாயைத் திட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். தரை மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை வரவில்லை என்று எங்கள் நிலவியல் துறையில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் போன உயிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் மாமாவே கூப்பிட்டார்.

"உங்க அக்கா புள்ளையத் தூக்கினு கிளம்புனா. நான்தான் உக்கார வச்சேன். பாத்தியா மச்சான், மலை தடுத்துக்கிச்சு."

அவர் குரலில் அத்தனை நிம்மதி. பின்னால் குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது. மலை தடுக்கவில்லை மாமா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"செரி செரி, சாப்ட்டியா?" என்றார்.

அலை வராததே இனி அவருக்குச் சாட்சி. அடுத்த முறை நான் எப்படிக் கத்தினாலும் இந்த மனிதர் நகரமாட்டார்.